பார்க்கிங்கில் நீங்கள் நின்ற கால் மணி நேரம்

என் அன்பான வீட்டுக்காரருக்கு,

அங்கே எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் சிரிப்பீர்கள். அதனால் கேட்கவில்லை. இங்கே நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சர்க்கரை குறைந்தது, மறுபடி கூடியிருக்கிறது. கார்த்தி ஓசூரில்தான் இருக்கிறான். போனில் பேசும்போது உங்களைப் போலவே பாதி வாக்கியத்தை முழுங்கிவிடுகிறான். மீதியை நான்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். அந்த வேலை எனக்குப் பழக்கம்தானே. பள்ளிக்கூட ஆபீசில் இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. காலையில் ஷேர் ஆட்டோவில் நாலு பேர் சீட்டில் ஆறாவது ஆளாக நசுங்கிக்கொண்டு கிழக்கு தாம்பரம் போகிறேன். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் உங்களை நினைத்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதம் உங்கள் வண்டியைப் பற்றியது.

மூன்று வாரத்துக்கு முன்னால் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். பார்க்கிங் தரைக்கு டைல்ஸ் போடப் போகிறார்களாம். வேலை தொடங்கும் திங்கட்கிழமைக்குள் எல்லா வண்டியும் ஓடி வெளியே போய்விட வேண்டும். ஓடாத வண்டிகளை அசோசியேஷனே பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடும். கீழே இரண்டு நம்பர்கள். ஒன்று யாருடையது என்றே தெரியாத ஒரு துருப்பிடித்த ஸ்கூட்டர். இன்னொன்று உங்கள் பைக்.

அசோசியேஷன் செயலாளர் சாரைப் போய்ப் பார்த்தேன். கெட்டவர் இல்லை. உங்கள் காரியத்தன்று கடைசி வரை வெயிலில் நின்றவர். ஆனால் நோட்டீஸ் என்று வந்துவிட்டால் அவர் வேறு ஆள்.

"மேடம், ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். வண்டி ஓடினா இருக்கட்டும். ஓடலைன்னா மூணு வருஷமா இடத்தை அடைச்சிட்டு இருக்கறது சரியா, நீங்களே சொல்லுங்க."

சரியில்லைதான். சரி சார் என்று வந்துவிட்டேன். கார்த்தியிடம் சொன்னதற்கு, "குடுத்துடும்மா. நீயும் ஓட்டப்போறதில்ல, நானும் அங்க இல்ல" என்றான். அவன் சொன்னதிலும் தப்பு இல்லை.

ஆனால் உங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்று உண்டு. அந்த வண்டியின் மேல் எனக்கு மூன்று வருஷமாகக் கோபம். உங்கள் மேலும்தான்.

ஆபரேஷனுக்குக் கிளம்பிய அந்தக் காலையில் ஆட்டோ வாசலில் வந்து நின்றுவிட்டது. நான் பையோடு மாடியில் நிற்கிறேன், உங்களைக் காணோம். கீழே பார்க்கிங்கிலிருந்து வண்டிச் சத்தம். எட்டிப் பார்த்தால் தகரக் கூரை மறைக்கிறது. இரண்டு மூன்று நிமிஷம் சீராக ஓடியது. பிறகு இருமி, இன்னொரு தடவை இருமி, தானாகவே அடங்கியது. அதற்குப் பிறகும் நீங்கள் வரவில்லை. மொத்தம் கால் மணி நேரம். வந்தபோது கையெல்லாம் கருப்பு.

"என்னங்க இது, ஆஸ்பத்திரிக்குப் போற நேரத்துல?"

"ஒண்ணுமில்ல, வா."

அவ்வளவுதான் பேச்சு. ஆட்டோவில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நான்காம் நாள் நீங்கள் இல்லை.

அதற்கு முந்தின வாரம் டாக்டர் உங்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். என்ன சொன்னார் என்று கேட்டதற்கு "வழக்கமானதுதான்" என்றீர்கள். நீங்கள் போன பிறகு இந்த இரண்டையும் சேர்த்து நானே ஒரு கணக்குப் போட்டேன். உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பிழைக்க மாட்டோம் என்று தெரிந்துதான் கீழே போய் அந்தச் சத்தத்தைக் கடைசியாக ஒரு தடவை கேட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். வண்டியிடம் விடைபெறக் கால் மணி நேரம் இருந்தது. இருபத்து நாலு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் ஒரு வார்த்தை இல்லை.

இதை யாரிடம் சொல்ல முடியும்? செத்துப்போன புருஷன் மேல் பொறாமை, அதுவும் ஒரு வண்டியை முன்னிட்டு என்றால் சிரிக்க மாட்டார்களா? மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். அது அப்படியே கிடந்து புண்ணாகிவிட்டது.

இவ்வளவு கோபம் இருந்தால் இரும்புக்காரரிடம் போகட்டும் என்று விட்டிருக்க வேண்டும் இல்லையா? முடியவில்லை. அந்தக் காலையில் உங்களோடு கூட இருந்தது அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் எனக்குக் கேட்க வேறு ஆள் இல்லை. இரும்பு என்ன பதில் சொல்லிவிடும் என்றெல்லாம் அப்போது யோசிக்கவில்லை.

டில்லிபாபுவைக் கூப்பிட்டேன். உங்களுக்கு அவரைத் தெரியாது. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் டீக்கடைக்குப் பக்கத்துச் சந்தில் போன வருஷம்தான் மெக்கானிக் ஷெட் போட்டார். கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம். அவருடைய அம்மா இன்னும் மீன் கூடையோடு கேம்ப் ரோடு வரை வருகிறார். இவர் படகு இன்ஜினில் கையை வைத்துப் பழகி, அப்படியே பைக்குக்கு வந்துவிட்டாராம். நாற்பது வயசிருக்கும். வாய் ஓயாது, ஆனால் கை அதைவிட வேகம்.

சனிக்கிழமை காலை வந்து மேலே கிடந்த தார்ப்பாயை உருவினார்.

"இன்னாக்கா, எத்தினி வருசமா நிக்குது?"

"மூணு."

"நடுவுல ஒரு தபாவாச்சும் ஸ்டார்ட் போட்டீங்களா?"

"இல்லப்பா. ஆனா வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு நல்லா கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வச்சு எல்லாம் செஞ்சேன்."

கோபம் இருந்தாலும் அதை மட்டும் விடவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். அவர் பிளக் மூடியைக் கழற்றி என் முன்னால் நீட்டினார். உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. பெட்ரோல் மூடியைச் சுற்றி மூன்று வருஷத்துச் சந்தனம் சிமெண்ட் மாதிரி இறுகிப்போய், அதை ஸ்குரூ டிரைவரால் தட்டித் தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"பூஜ போட்டதெல்லாம் கரெக்டுதான்க்கா. ஆனா பக்கெட்டு பக்கெட்டா தண்ணி ஊத்திட்டு அப்டியே ஷீட்ட போட்டு மூடினா எப்டி? கழுவுனா ஓட்டணும். ஓடுனாதான் காயும்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. இருந்த ஒரே ஒரு பக்தியும் வண்டியைக் கெடுத்திருக்கிறது. பேட்டரி செத்துப்போயிருந்தது. "பரவால்ல, கிக்கர்ல எடுத்துக்கலாம்" என்று அதை ஓரமாக வைத்தார். டேங்கிலிருந்த பெட்ரோல் பழைய பெயிண்ட் டப்பா மாதிரி நாறியது. எல்லாவற்றையும் கேனில் இறக்கினார். டயர் இரண்டும் தரையோடு தரையாக இருந்தன.

அவர் நிஜமாகப் பயந்தது கார்புரேட்டருக்குத்தான். பெட்ரோல் உள்ளேயே நின்று காய்ந்தால் பிசின் போல ஒட்டிக்கொண்டு ஊசித் துளைகளை எல்லாம் அடைத்துவிடுமாம். கழற்றித் திறந்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"யாருக்கா கடைசியா இத்த நிறுத்துனது?"

"அவர்தான்."

"உள்ள ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாம நிறுத்திக்கீறாரு. பெட்ரோல் டேப்ப மூடிட்டு, இதுல கீற பெட்ரோல் தீர்ற வரைக்கும் ஓடவுட்டுக்கீறாரு. அப்டியே புதுசாட்டம் கீது பாருங்க. வெவரமான ஆளுக்கா உங்க வூட்டுக்காரு."

எனக்கு அந்த இருமல் காதில் கேட்டது. சீராக ஓடிய வண்டி இருமி இருமி நின்றதே, அது பெட்ரோல் தீர்ந்த சத்தம். நான் என்னவெல்லாம் நினைத்திருந்தேன்!

ஆனாலும் நான் உடனே இளகிவிடவில்லை. என் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததா. திரும்பி வர மாட்டோம் என்று தெரிந்த மனுஷன்கூடத் தன் வண்டியை ஒழுங்காக நிறுத்திவிட்டுப் போகலாமே? நீங்கள் கம்பெனி ஸ்டோர்ஸில் சாவி ஒப்படைக்கும்போதே அலமாரியைத் துடைத்து ஒப்படைக்கிற ரகம். இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. டில்லிபாபு புது பிளக் போட்டார். புது பெட்ரோல் ஊற்றினார். பிளக்கை இன்ஜின் மேல் வைத்து உதைத்துக் காட்டினார்; நீல நிறத்தில் பொறி பறந்தது. பிறகு எல்லாவற்றையும் மாட்டிவிட்டு உதைத்தார். உதைத்தார், உதைத்தார், நாற்பது தடவையாவது இருக்கும். முதல் மாடிக்காரர்கள் எல்லாம் படியிறங்கி வந்து நின்று பார்த்தார்கள். செயலாளர் சார் பேப்பரோடு வந்து, நோட்டீஸைப் பார்த்துவிட்டுப் போனார்.

"கரண்டு வருது, பெட்ரோலு வருது, ஏர் ஃபில்டரும் கிளீனு. அப்பறம் இன்னாதான் இதுக்கு பேஜாரு?" டில்லிபாபு நிஜமாகவே நொந்துபோய்விட்டார். "இஞ்சின எறக்கித்தான் பாக்கணும்க்கா. அடுத்த திங்கக்கெழமக்குள்ள நடக்காது."

டைல்ஸ் வேலை தொடங்க இன்னும் ஒரே வாரம். கார்த்தி போனில், "அம்மா, நீ முயற்சி பண்ணிட்ட. விட்டுடு" என்றான். ஆபீசில் அந்த வாரம் முழுக்க எந்த ரெஜிஸ்டரைத் திறந்தாலும் மனசு பார்க்கிங்கிலேயே இருந்தது. இரும்புக்காரர் வந்து எடைக்குத் தூக்கும்போது நான் வீட்டில் இருக்கக் கூடாது, பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று முடிவுகூடச் செய்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு டில்லிபாபு தானாகவே வந்தார். "கடசியா ஒரு தபா பாத்துடலாம்க்கா, எனக்கும் மனசு கேக்கல" என்றார். நான் டம்ளரில் டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, என்னை அறியாமல் என் வழக்கமான இடத்தில் போய் நின்றிருக்கிறேன்.

என் இடம் எது என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? வண்டிக்குப் பின்னால், வலது பக்கம். வண்டி வாங்கியதிலிருந்து பத்தொன்பது வருஷம் தினமும் காலையில் டிபன் பையோடு அங்கேதான் நிற்பேன், நீங்கள் உதைப்பீர்கள். சைலன்சரிலிருந்து குப்பென்று காற்று வந்து கணுக்காலில் அடிக்கும். வெளிர் நிறப் புடவை என்றால் கரிப்புள்ளி விழும். அதற்காக உங்களை எத்தனை திட்டியிருப்பேன். ஒரு நாளாவது திருப்பித் திட்டியிருக்கிறீர்களா? நீங்கள் உதைக்கக் காலைத் தூக்கும்போதே என் கை தானாகக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துவிடும்.

டில்லிபாபு காலைத் தூக்கினார். என் கை கொசுவத்தைத் தூக்கியது. அவர் உதைத்தார். கணுக்காலில் ஒன்றுமே படவில்லை.

"டில்லி, இன்னொரு தடவை உதைப்பா."

உதைத்தார்.

"காத்தே வரலையேப்பா."

"இன்னா காத்துக்கா?"

"சைலன்சர்லேர்ந்து. ஸ்டார்ட் ஆகுதோ இல்லையோ, உதைச்சா காத்து வரும். என் புடவையெல்லாம் பாழாகும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, என்னையே உதைக்கச் சொல்லிச் சைலன்சர் வாயில் உள்ளங்கையை வைத்தார். முதல் தடவையாக உங்கள் வண்டியை உதைத்தேன்; செருப்பு கழன்று தூரப் போய் விழுந்தது. அவர் கையை எடுத்துவிட்டு, செல்போன் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தார்.

"உள்ள இன்னாவோ அடச்சிகினு கீதுக்கா. எலி கூடுன்னு நெனைக்கிறேன்."

பழைய ஸ்போக்ஸ் கம்பி ஒன்றை வளைத்துக் கொக்கியாக்கி மெதுவாக இழுத்தார். முதலில் பால் கவர் ஒன்று வந்தது. அதற்குள் இறுக்கிச் சுருட்டி, நூல் போட்டுக் கட்டிய துணி. எலி நூல் கட்டுமா?

அவர் பிரித்துக் காட்டியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது என் கரித்துணி. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் பழைய அரக்குப் புடவையைக் கிழித்து, ஓரம் மடித்து, சூடான பாத்திரம் பிடிக்க இரண்டு தைத்தேன். ஒன்றைக் காணோம் என்று பிற்பாடு தேடியிருக்கிறேன். அடுப்படியிலிருந்து நீங்கள் எடுத்துப் போவீர்கள் என்று நான் கண்டேனா?

"மழத் தண்ணிக்கு அடச்சிக்கீறாருக்கா," என்றார் டில்லிபாபு. சுவரில் இன்னும் அழியாமல் இருக்கும் தண்ணீர்க் கோட்டைக் காட்டினார். "அந்த வருசம் இந்தத் தெருவுல தண்ணி பூந்துச்சில்ல? பாருங்க, கோடு சைலன்சருக்கு மேல கீது. இந்தத் துணி இல்லன்னா உள்ள தண்ணி பூந்து இஞ்சினே பூட்டிருக்கும். நம்ம ஏரியால மழன்னா எல்லாரும் செய்றதுதான். நான்தான் மொதல்ல பாக்காம வுட்டுட்டேன்."

அந்த ஐப்பசியில் டி.வி.யில் கனமழை எச்சரிக்கை ஓடிக்கொண்டே இருந்தது. எப்போதும் மழை வலுத்தால் வண்டியை வேளச்சேரி ரோட்டு மேட்டில் கொண்டுபோய் நிறுத்துவீர்கள். அந்தத் தடவை மழை வரும்போது நீங்கள் ஆஸ்பத்திரியில் இருப்பீர்கள், மேட்டுக்குக் கொண்டுபோக ஆள் இருக்காது. அதற்குத்தான் அந்தக் கால் மணி நேரம். தண்ணீர் வந்ததென்னவோ நிஜம். நீங்கள் போன மூன்றாம் நாள் வந்து, மறுநாள் வடிந்தது. அப்போது யாருக்கு வண்டி நினைவு இருந்தது?

கையில் துணியை வைத்துக்கொண்டு அவரிடம் கேட்டேன். மூன்று வருஷமாக யாரிடமும் கேட்காததை, போன மாதம் வரை முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்டேன்.

"டில்லி, திரும்பி வர மாட்டோம்னு தெரிஞ்ச ஒருத்தர் இதைச் செய்வாரா?"

அவருக்குக் கதை எதுவும் தெரியாது. கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"அத்த எப்டிக்கா செய்வாரு? வரமாட்டோம்னு தெரிஞ்சவன், உள்ள துணி வச்சிக்கீறேன், எடுத்துட்டு ஸ்டார்ட் போடுன்னு யாராண்டயாவது சொல்லிட்டுல்ல போவான். இவரு தானே வந்து எடுத்துக்கலாம்னு நெனச்சிருப்பாரு. அதான் ஒண்ணும் சொல்லாம பூட்டாரு."

மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். டில்லிபாபு பயந்துபோய் டீயை என்னிடமே திருப்பி நீட்டினார். அவ்வளவு அழுகையிலும் எனக்குள் இருந்தது சந்தோஷம்தான். நீங்கள் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. டாக்டர் சொன்னது நிஜமாகவே வழக்கமானதுதான். ஆபரேஷன் முடிந்து பத்து நாளில் வந்துவிடுவோம், வந்து துணியை உருவிவிட்டு ஒரு உதை உதைப்போம் என்று நம்பித்தான் ஆட்டோவில் ஏறினீர்கள். பத்து நாளில் வந்துவிடப் போகிறவர் பெண்டாட்டியிடம் என்ன விடைபெறுவார்? "ஒண்ணுமில்ல, வா" என்றுதான் சொல்வார்.

கடைசி நாட்களில் உங்களுக்குப் பயம் இல்லாமல் இருந்ததே, அது போதும் எனக்கு. அதற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன்.

மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது. வெள்ளையாகப் புகை கக்கி, பார்க்கிங் முழுக்க நாற அடித்து, பிறகு மெல்லச் சீரானது. செயலாளர் சார் தோளில் துண்டோடு ஓடி வந்து, "ஓடுதே மேடம்" என்றார். சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நோட்டீஸில் உங்கள் நம்பரைக் கோடு போட்டு அடித்தார். ரூல் எல்லாருக்கும் ஒன்றுதான்.

கார்த்திக்கு போன் போட்டு, போனைச் சைலன்சருக்குப் பக்கத்தில் பிடித்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் காதில் வைத்தேன்.

"கட் பண்ணாதம்மா," என்றான். "இன்னும் கொஞ்ச நேரம் அங்கயே வை."

அப்புறம் கரித்துணியைப் பற்றிச் சொன்னேன். "அப்போ அப்பா..." என்று ஆரம்பித்து மீதியை முழுங்கினான். இந்தத் தடவை எனக்கு ஊகிக்க வேண்டிய வேலையே இல்லை. அப்பாவுக்கு முன்பே தெரிந்திருந்தது என்று அவனும் என்னைப் போலவே நினைத்துக்கொண்டு, என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறான்.

உங்களை மூன்று வருஷம் தப்பாக நினைத்ததற்கு என்னை மன்னித்துவிடுங்கள். மன்னித்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். பத்தொன்பது வருஷம் ஒரு நாள்கூட என்னை மழையில் நனைய விட்டதில்லை, ரயில்வே கேட்டில் நிற்கும்போதெல்லாம் வெயில் படாமல் வண்டியைத் திருப்பி நிறுத்தினீர்கள். அப்போதெல்லாம் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. புடவைக் கரிக்குத்தான் பேசினேன். இப்போது எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், நன்றிங்க.

பொங்கலுக்குக் கார்த்தி வருகிறான். திருநீர்மலை வரை ஓட்டிப் பார்க்கலாம் என்கிறான். நான் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். அதுவரை ஞாயிற்றுக்கிழமைதோறும் நானே உதைத்து ஐந்து நிமிஷம் ஓடவிடுவேன், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு. வருகிற ஐப்பசியில் மழை எச்சரிக்கை வந்ததும் பெட்ரோல் டேப்பை மூடி, நீங்கள் செய்த மாதிரியே துணி அடைப்பேன். ஆனால் ஹேண்டில்பாரில் ஒரு அட்டை கட்டி, உள்ளே துணி இருக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதி வைப்பேன். எடுக்க நான்தான் வருவேன் என்று நம்பித்தான் அடைப்பேன். இருந்தாலும் கார்த்தியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைப்பேன்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் வீட்டுக்காரியாகவே இருக்கும்,
சாந்தி